மேடு வருதுங்க

“இப்ப ஒரு மேடு வருதுங்கம்மா. சின்ன மேடுதான். ஆனா மேடு மேடுதானே?”

சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரை நிறுத்துகிறார். மூன்றாம் எண் லிப்டின் வாசல். தரைக்கும் லிப்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஓர் இரும்புப் பட்டை புடைத்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடியைக் கீழே அமுக்கி முன்சக்கரங்களைத் தூக்குகிறார். தூங்கும் பூனையை மடியிலிருந்து இறக்குவதுபோலப் பட்டைக்கு அந்தப்புறம் இறக்குகிறார். அடுத்தது பின்சக்கரங்கள். வலக்கையால் கைப்பிடியைத் தூக்கியபடி குனிந்து, இடக்கையைத் தலையணைக்கு அடியில் கொடுத்து, படுத்திருப்பவரின் தலையை முழங்கையில் ஏந்திக்கொள்கிறார். அவருடைய சட்டைப் பித்தான் அந்த அம்மாளின் கன்னத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி நிற்கிறது. லிப்டின் கதவு பொறுமை இழந்து மூடப் பார்க்கிறது. “இருடா, அவசரத்துக்குப் பொறந்தவனே!” என்று அதையும் அதட்டுகிறார்.

“ஆச்சா?” என்கிறார் அந்த அம்மாள், கண்களை இறுக்கி மூடியபடி.

“ஆச்சுங்க. மேடு பின்னால போயிடுச்சு.”

இவருக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் ‘நோயாளி நகர்வு உதவியாளர்.’ ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெயர் மேட்டுக்காரர். வயது ஐம்பத்து நான்கு. இருபத்து நான்கு ஆண்டுகளாகப் படுத்திருப்பவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறார். சிறுநீரகக் கல் ஒன்றின் தயவால் என்னையும் ஆறு முறை தள்ளியிருக்கிறார். ஒரு மனிதரைக் கீழேயிருந்து மேலே பார்க்கும்போது தெரிகிற உண்மைகள் நேருக்கு நேர் பார்த்தால் தெரிவதில்லை. உதாரணமாக, அவர் தாடைக்கு அடியில் சவரம் செய்ய மறந்துபோன ஒரு சிறு தீவு எப்போதும் இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஊழியர்கள் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருப்பார்கள். இவருடையது முதுகில் தொங்கும். குனியும்போது அட்டை நோயாளியின் மூக்கில் இடிக்கும் என்பதால் கயிற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டார். ஆகவே அவர் வரும்போது யாரென்று தெரியாது. போன பிறகுதான் தெரியும். வாசல் காவலர் தினமும் காலையில் அவரை உள்ளே விட்டுவிட்டு, முதுகைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். இதற்காக மூன்று முறை எழுத்து மூலமாகக் கண்டிக்கப்பட்டிருக்கிறார். சட்டைப்பையில் பேனாவும் கிடையாது. “குத்திடும்” என்பார்.

அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறார். கணவரைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். “வீட்டுல வாயே திறக்கமாட்டார் சார். இருக்கற பேச்சையெல்லாம் வண்டியிலயே பேசித் தீர்த்துட்டு, வெறும் வாயோட வீட்டுக்கு வருவார். நான் ஒரு நாள் பாயைப் போட்டு நீட்டி நிமிர்ந்து படுத்தேன். அப்பத்தான் ‘என்னம்மா, எங்க வலிக்குது’ன்னு கேட்டார்.”

அந்த நிறுவனத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மொத்தம் பதினோரு ஆஸ்பத்திரிகள். எல்லாவற்றிலும் ஒரே நிறச் சுவர், ஒரே வாசகம்: ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்.’ ஊழியர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று, அறிவுத் தேடலின் பொருட்டு, சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். லிப்ட் இயக்குபவர், “நம்ம வேலை லிப்ட்டு மாதிரி சார். நாளெல்லாம் ஏறுவேன், ஆனா உசரவே மாட்டேன்” என்றார். நாலாம் மாடி வார்டு சிஸ்டர், “குடும்பம்தான், இல்லேங்கல. குடும்பத்துலதானே செய்யறவ தலையிலயே எல்லா வேலையும் விழும்?” என்றார். மேட்டுக்காரரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “நல்ல இடம்ங்க. அந்த மேடு ஒண்ணுதான்” என்றார்.

அப்படிப்பட்டவருடைய வாழ்வில் எட்டு நிமிடம் குறுக்கிட்டது.

தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார். வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதனால் அவருக்கு எட்டு நிமிஷத்தார் என்று பெயர். வண்டி கிளம்பியதும் வார்டில் சிஸ்டர் கம்ப்யூட்டரில் ‘புறப்பட்டது’ என்று அழுத்த வேண்டும்; ஸ்கேன் அறையில் ‘வந்தது’ என்று அழுத்துவார்கள். நடுவில் எத்தனை நிமிடம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து மாதாமாதம் பட்டியல் ஒட்டும். தொடர்ந்து மூன்று மாதம் பட்டியலின் கடைசி மூன்று இடங்களில் இருப்பவர்கள் மருந்துக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். அங்கே தள்ளுவதற்குப் பெட்டிகள் உண்டு, மனிதர்கள் கிடையாது.

மேட்டுக்காரருக்குப் பதினான்கு நிமிடம் ஆகும். பதினைந்து இல்லை, பதின்மூன்று இல்லை. இரண்டு மாதம் அவர் பெயர் பட்டியலின் அடியில், ஆணி அடிக்க இடமில்லாமல் தொங்கியது. இன்னும் ஒரு மாதம் அப்படியே இருந்தால் கிடங்கு நிச்சயம்.

“கொஞ்சம் வேகமாத்தான் போய்த் தொலைங்களேன்” என்று மனைவி சொல்லிப் பார்த்தார்.

“பெட்டிக்கு வலிக்காது. இவங்களுக்கு வலிக்குதே” என்றார் இவர். அன்றைக்கு வீட்டில் பேசிய மொத்தப் பேச்சு அதுதானாம்.

இதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம், இடுப்பெலும்பு முறிந்த ஒரு வயதான அம்மாளைத் தள்ளிக்கொண்டு இதே லிப்டில் தடாலென்று ஏறியிருக்கிறார். அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. ஸ்கேன் அறைக்குப் போய்ப் போர்வையை விலக்கியபோதுதான் தெரிந்தது, அவர் தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தார். பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. “பரவாயில்லப்பா, நீ வேணும்னா செஞ்ச?” என்று இவரைத் தேற்றினாராம். “திட்டியிருந்தா மறந்திருப்பேங்க” என்கிறார் மேட்டுக்காரர்.

அந்த மாதத்திலேயே ஊழியர் கருத்துக் கணிப்பும் வந்து சேர்ந்தது. வருடா வருடம் வருவதுதான். நாற்பது கேள்விகள். இந்த நிறுவனத்தில் வேலை செய்வது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். அதைச் சேகரிக்கிற பொறுப்பு ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு. அந்தப் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு மேட்டுக்காரரின் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். வண்டியில் நான் படுத்திருந்தேன்; ஆகவே கீழ்வரும் உரையாடலுக்கு நானே படுத்த சாட்சி.

“அண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. பதினேழாவது கேள்வி. இந்த நிறுவனத்துக்கு வரச் சொல்லி உங்க நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சிபாரிசு செய்வீங்களா?”

“யாரு, நானா? ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொந்தக்காரங்களைக் கூப்பிடச் சொல்றியா பாப்பா? அவங்க நல்லா இருக்கட்டும்!”

“ஐயோ அண்ணே, வேலைக்கு!”

“வேலைக்கு வந்தாலும் மேட்டுலதானே ஏத்தணும்? ஒண்ணு போட்டுக்க.”

“ஒண்ணு போட்டா எனக்குத் திட்டு விழும்ணே.”

“அப்ப உனக்காக ஒரு மூணு. சார், கொஞ்சம் இருங்க, மேடு வருது.”

நாற்பது கேள்விகளுக்கும் அவள் மனம் நோகாதபடி மூன்று போட்டுக்கொடுத்தார். கடைசியில் ‘வேறு ஏதேனும் கருத்து’ என்று பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். அங்கே மட்டும் அவரே பேனாவை வாங்கி, லிப்டுக்குள் என் போர்வையின் மேல் படிவத்தை வைத்து எழுதினார்: ‘மூணாம் லிப்ட் வாசல்ல மேடு இருக்கு. படுத்து வர்றவங்களுக்கு வலிக்குது.’

அந்தப் பெண் புதியவள் என்பதால் ஒரு தவறு செய்தாள். பழைய படிவங்களை எடுத்துப் படித்துப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாக, பத்தொன்பது படிவங்களில், அதே கையெழுத்தில் அதே இரண்டு வரி. ஒவ்வொன்றின் அடியிலும் தலைமை அலுவலகம் சுருக்கம் எழுதியிருந்தது: ‘கட்டட வசதிகளில் பொதுவாகத் திருப்தி.’

இதற்கிடையில் நாலாம் மாடியில் ஒரு சதி நடந்துகொண்டிருந்தது. துல்லியமாகச் சொன்னால், ஒன்றையொன்று அறியாத இரண்டு சதிகள்.

வார்டு சிஸ்டர் ஒரு கணக்குப் போட்டார். அண்ணனுக்குப் பதினாலு நிமிஷம் ஆகுது. நாம ‘புறப்பட்டது’ங்கறதை ஏழு நிமிஷம் தாமதமா அழுத்தினா மிச்சம் ஏழு. எட்டுக்குள்ள வந்துடும்.

கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுக்கும் அக்காவும் ஒரு கணக்குப் போட்டார். மேட்டுக்காரர் கிளம்பும்போது, “அக்கா, ஒரு பெரியவர் வர்றார், அறையில குளிரைக் குறைச்சு வைங்க” என்று போன் செய்வது வழக்கம். போன் வந்து நாலு நிமிடத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ‘வந்தது’ என்று அழுத்திவிட்டார். நாலு நிமிஷம்னா நல்ல வேகம்தானே?

இருவரும் நல்லவர்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆக, அந்த மாதம் மேட்டுக்காரர் கொண்டுபோன ஒவ்வொரு நோயாளியும் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று நிமிடம் முன்பே ஸ்கேன் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய தவம் செய்த முனிவர்களுக்கும் வாய்க்காத வேகம் இது. கம்ப்யூட்டர் கழித்தல் குறியைப் பார்த்துச் சிறிதும் கூச்சப்படவில்லை. இருப்பதிலேயே சிறிய எண்ணை முதலில் போடு என்பது அதற்கு இட்ட கட்டளை. போட்டது. பதினோரு ஆஸ்பத்திரிகளிலும் சேர்த்து முதலிடம் மேட்டுக்காரருக்கு.

பட்டியலின் முன்னால் நின்று அவர் பின்மண்டையைச் சொறிந்தார். “நானா? பல்லு விளக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகுமே!”

“அது உண்மைதான்” என்றார் மனைவி.

எண்ணை யாரும் படிக்கவில்லை, இடத்தைத்தான் படித்தார்கள். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. எட்டு நிமிஷத்தாரே நேரில் வருகிறார். மேட்டுக்காரரின் உத்தியைப் படம் பிடித்து, பதினோரு ஆஸ்பத்திரிகளிலும் பாடமாகக் காட்டப் போகிறார்கள்.

சிஸ்டரும் ஸ்கேன் அக்காவும் கேண்டீனில் மேட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்து, பாவமன்னிப்புக் கேட்பவர்களைப்போல ஆளுக்கொரு பாதியைச் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்தால் அவருக்குக் கிடங்கு. இவர்கள் இருவருக்கும் வேலையே போகலாம்.

“அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடிடுங்கண்ணே” என்றார் சிஸ்டர். “உசுருக்குப் போராடற கேஸ்னா எப்படி ஓடுவீங்க! நான் பார்த்திருக்கேனே.”

“ஓடலாம்மா” என்றார் இவர். டீ டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஆனா படம் எடுத்துக் காட்டப் போறாங்களே. அதைப் பார்த்துப் பதினோரு இடத்துலயும் ஓடுவாங்க. எத்தனை பேர் கையைக் கடிச்சுக்குவாங்களோ?”

ஸ்கேன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்லா மாட்டிக்கிட்டோம் போங்க. உங்களைக் காப்பாத்தப் போன எங்களை நீங்க காப்பாத்தமாட்டேங்கறீங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்” என்றார்.

வீட்டில் மனைவி, “குடோன்ல போட்டா போடட்டும். பெட்டியோட பேச முடியாது. மிச்சமாகற பேச்சுல எனக்கும் ரெண்டு வார்த்தை கிடைக்கும்” என்றார். ஆனால் கணவரின் சீருடையை அன்றைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டிருக்கிறார். சலவைப் பிரிவில் எல்லோருக்கும் இது தெரியும்.

குறிப்பிட்ட நாளில் எட்டு நிமிஷத்தார் வந்தார். மாதாந்தரப் பரிசோதனைக்குப் போன நானும், பொதுநலம் கருதி, ஓரமாக நின்றேன். ஸ்ட்ரெச்சரில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. “பொம்மை படத்துல நல்லா இருக்காது, நானே படுக்கறேன்” என்று அதிகாரி கோட்டோடு ஏறிப் படுத்தார். மார்பின் மேல் ஸ்டாப்வாட்ச். ஹெச்.ஆர். பெண் பதறிப்போய், “சார், வசதியா இருக்கா?” என்று குனிந்தாள். அவளுடைய அடையாள அட்டை அவர் மூக்கின் மேல் சொத்தென்று விழுந்தது.

மேட்டுக்காரர் போர்வையை விரித்துக் கால் வரைக்கும் மூடினார். “ஷூவைக் கழட்டிடட்டுங்களா சார்? காலுக்குக் காத்து வேணும்.” கழற்றினார். அதிகாரியின் ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது. அதை இவர் பார்க்கவில்லை என்பதுபோலப் போர்வையை இழுத்துவிட்டார்.

“சார், மேல வரிசையா ஏழு லைட்டு வரும். கண்ணைக் குத்தும், மூடிக்குங்க. எட்டாவது எரியாது. அங்க வந்ததும் சொல்றேன், திறந்துக்கலாம்.”

தரை துடைக்கும் அம்மாள் ஒருவர் வண்டியை எட்டிப் பார்த்து, “அடப் பாவமே, இவருக்கு என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. பெரிய அதிகாரி.”

“ஓ, அதுவா” என்று அவர் அனுதாபத்தோடு நகர்ந்தார்.

லிப்ட் வாசலில் வண்டி நின்றது. “ஏன் நிறுத்திட்டீங்க?” என்றது போர்வை.

“மேடு வருதுங்க சார்.”

“எனக்கென்ன நோயா? சும்மா ஏத்துங்க, டைம் ஓடுது!”

“அது ஓடட்டுங்க சார். நமக்கென்ன?” என்று சொல்லி, முன்சக்கரத்தை இறக்கி, குனிந்து, அந்தப் பெரிய தலையை முழங்கையில் வாங்கிக்கொண்டார். அதிகாரியின் கைகள் இரண்டும் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். “ஆச்சுங்க” என்று கேட்ட பிறகுதான் விட்டார்.

ஸ்கேன் அறை வாசலில் ஸ்டாப்வாட்ச் பதினான்கு நிமிடம் காட்டியது. அங்கிருந்த எல்லோருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது.

அதிகாரி, திரும்பும்போது பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரைத் தள்ளச் சொன்னார். வாட்டசாட்டமான ஆள். ஏழரை நிமிடத்தில் நாலாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வழியில் பட்டையின் மேல் வண்டி தடாலென்று ஏறியபோது அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கள் சொல்லைத் தாங்களே கடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகாரிகளுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் முதன்முறையாகப் பட்டியலில் இருந்த எண்ணைப் படித்தார். “கழித்தல் மூணா? கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தாங்களா? யார் அழுத்தினது?”

“நான்தாங்க அழுத்தச் சொன்னேன்” என்று மேட்டுக்காரர் முன்னால் வந்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். காது மடல் சிவந்துவிட்டது.

“அவருக்கு ஒண்ணுமே தெரியாது சார். நான்தான்” என்றார் சிஸ்டர்.

“ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க சார். எல்லாம் என் வேலை” என்றார் ஸ்கேன் அக்கா.

குற்றத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். பின்னால் சுவரில், ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்.’ எழுதிய நாளிலிருந்து அந்த வாசகம் உண்மையானதை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது ஹெச்.ஆர். பெண் ஒரு கட்டுப் பழைய படிவங்களை நீட்டினாள். அதிகாரி பத்தொன்பது படிவங்களையும் நின்றபடியே புரட்டினார். மேடு இருக்கு, வலிக்குது. மேடு இருக்கு, வலிக்குது. பத்தாவது தாளில் நாக்கைக் கன்னத்துக்குள் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“கருத்து எழுதச் சொன்னா வேற எதுவும் எழுதமாட்டீங்களா?”

“வேற குறை ஒண்ணுமில்லைங்களே சார்.”

பெரிய நிறுவனங்கள் அவசரப்பட்டு நல்லது செய்துவிடுவதில்லை. ஒரு மாதம் கூடி ஆலோசித்தார்கள். மேட்டைச் சரிசெய்வது லிப்ட் கம்பெனியின் பொறுப்பா, கட்டடக்காரரின் பொறுப்பா என்று ஒரு குழு அமைத்தார்கள். குழு இன்னும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. சிஸ்டருக்கும் ஸ்கேன் அக்காவுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். எட்டு நிமிடம் எட்டு நிமிடமாகவே நீடிக்கும். ஆனால் எலும்பு முறிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பொருந்தாது, அவர்களை மேட்டுக்காரர்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று ‘மென்னகர்வு நிபுணர்’ என்று புதிதாக ஒரு பதவி. சம்பளத்தில் மாற்றமில்லை. மேட்டை இடிப்பதைவிட மேட்டுக்கு ஒரு நிபுணரை நியமிப்பது சுலபம் என்பது நிர்வாகவியலின் பாலபாடம்.

“கிடங்கு இல்லையாம்” என்று மனைவியிடம் சொன்னபோது, அவர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை முகத்தில் ஒற்றிக்கொண்டு, “தெரியும். என் தலையெழுத்து, இனிமேலும் சுவரோடதான் பேசணும்” என்றாராம்.

போன வாரம் பதவிச் சின்னம் அணிவிக்கும் விழா, நாலாம் மாடி வராந்தாவில். வட்டமான பித்தளை வில்லை, பின்னால் ஊசி. எட்டு நிமிஷத்தார் அதை எடுத்துக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே, மேட்டுக்காரரின் மார்புக்கு நேரே கையைக் கொண்டுபோனார். சலவைப் பிரிவு வாசலில் அவர் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டுக்காரர் ஒரு கணம் ஊசியைப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னிலையிலும் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

கைதட்டல் பாதியில் நின்றது. ஹெச்.ஆர். பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஏனோ தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது. அடையாள அட்டையை மெல்ல ஒதுக்கிவிட்டு, முதுகில் குத்துவதற்கு இடம் தேடலானார். அவர் சற்றுக் குள்ளம். எட்டவில்லை என்று தெரிந்ததும் மேட்டுக்காரர், லிப்ட் வாசலில் குனிவாரே அதே அளவுக்கு, மெதுவாகக் குனிந்து கொடுத்தார்.